உங்களுக்குத் தெரியுமா? கபீரைக் கூட்டி வந்த ஓவியர்

பாட்டில் வருவதை அப்படியே வரைந்து வைக்கும் ஓவியர்கள் உண்டு. பாட்டு எப்படி யோசிக்கிறதோ அதே மாதிரி படத்தையும் யோசிக்க வைப்பவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரில் முக்கியமானவர் பரோடா ஓவியர் குலாம் முகம்மது ஷேக். 15-ஆம் நூற்றாண்டில் காசியில் தறி நெய்துகொண்டே பாடிய கபீர்தாசர் இவருடைய படங்களுக்குள் குடியேறி ஏறக்குறைய முப்பது வருடம் ஆகிறது. ஷேக்கின் ஓவிய வாழ்க்கையிலிருந்து சில துணுக்குகள்.

★ குதிரை வண்டி ஊர்க்காரர்

ஷேக் பிறந்தது 1937 பிப்ரவரி 16-இல், குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் உள்ள சுரேந்திரநகரில். பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம், மதரசாவில் குர்ஆன் என்று இரண்டு பக்கமும் படித்து வளர்ந்த பிள்ளை. ஆரம்ப காலப் படங்களில் ஊர்க் குதிரைகளும் குதிரை வண்டிகளும்தான் ஓடிக்கொண்டிருக்கும். 1960-இல் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் முதல் தனிக் கண்காட்சி வைத்தபோது வயது வெறும் 23.

★ ஓவியர், ஆனால் வரலாற்று வாத்தியார்

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில் படித்தவர், அங்கேயே ஆசிரியரும் ஆனார். ஆனால் பல வருடங்கள் அவர் எடுத்தது கலை வரலாற்று வகுப்பு. 1980-களில்தான் ஓவியத் துறைக்குப் பேராசிரியராக வந்தார். அஜந்தா, முகலாயம், பாரசீகம், இத்தாலி என்று வகுப்பில் வருடக்கணக்காகக் காட்டிய பழைய படங்களெல்லாம் பின்னாளில் அவருடைய கித்தானுக்குள் ஆள் ஆளாக வந்து சேர்ந்துவிட்டன.

★ சென்னையில் படித்த முன்னோடி

பரோடா ஓவியர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கே.ஜி.சுப்ரமணியன், முதலில் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைக்குப் போய், அதன் பிறகு சாந்திநிகேதனில் ஓவியம் கற்று, 1950-களின் தொடக்கத்தில் பரோடாவுக்கு ஆசிரியராக வந்தார். நாட்டுப்புறக் கலையும் நவீன ஓவியமும் ஒரே மேசையில் சாப்பிடலாம் என்ற எண்ணத்தைப் பரோடாவில் ஊன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

★ கதவு எண்ணே குழுவின் பெயர்

1962-இல் குஜராத்தின் பாவ்நகரில் ஒரு நண்பர் வீட்டில் பன்னிரண்டு கலைஞர்கள் கூடினார்கள். புதுக் குழு தொடங்க முடிவானது. என்ன பெயர் வைப்பது? கொள்கைப் பெயர் எதுவும் வேண்டாம் என்று அந்த வீட்டுக் கதவு எண்ணையே வைத்துவிட்டார்கள்: 'குழு 1890'. ஜே.சுவாமிநாதன், ஜெராம் படேல், ஹிம்மத் ஷா, ஜோதி பட் ஆகியோரோடு ஷேக்கும் அதில் ஒருவர். சென்னை ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் அந்தப் பன்னிரண்டு பேரில் உண்டு.

★ ஒரே கண்காட்சி, இரண்டு பெரிய மனிதர்கள்

'குழு 1890' நடத்தியது ஒரே ஒரு கண்காட்சி. 1963 அக்டோபரில் தில்லி ரவீந்திர பவனில் நடந்தது. திறந்து வைத்தவர் பிரதமர் நேரு. கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் அப்போது இந்தியாவுக்கான மெக்சிகோ தூதராக இருந்த ஆக்டேவியோ பாஸ். 1990-இல் இலக்கிய நோபல் வாங்கினாரே, அதே கவிஞர்தான்.

★ லண்டனில் கிடைத்த இந்தியா

1963 முதல் 1966 வரை லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் ஷேக் படித்தார். புதிய ஐரோப்பிய ஓவியத்தைக் கற்கப் போனவரை அங்கே இழுத்துப் பிடித்துக்கொண்டது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த ராஜஸ்தானி, முகலாயச் சிற்றோவியங்கள். கைக்குட்டை அளவுத் தாளுக்குள் ஒரு அரண்மனை, ஒரு தோட்டம், ஒரு வேட்டை, ஒரு காதல் எல்லாம் ஒரே நேரத்தில் எப்படி நடக்கிறது? ஊர் திரும்பிய பிறகு அவர் போட்ட படங்களெல்லாம் ஒரு வகையில் இந்தக் கேள்விக்கான பதில்கள்.

★ கணக்கர் கையில் தூரிகை

பூபேன் கக்கர் பம்பாயில் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருந்தவர். 'பரோடாவுக்கு வா' என்று அவரை ஊக்கப்படுத்தி அழைத்தவர் ஷேக். 1962-இல் வந்து சேர்ந்த கக்கர், பின்னாளில் உலக அருங்காட்சியகங்கள் தேடி வாங்கும் ஓவியர் ஆனார். ஓவியர் ஆன பிறகும் அரை நாள் கணக்கு வேலையை அவர் நெடுங்காலம் விடவில்லை என்பது கூடுதல் செய்தி.

★ கொடுக்குள்ள பத்திரிகை

1969 முதல் 1973 வரை ஷேக்கும் கக்கரும் சேர்ந்து நடத்திய சிற்றிதழ் 'விருச்சிக்'. தேளின் பெயரை வைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதமி நடக்கும் விதத்தை எதிர்த்துக் கலைஞர்கள் எழுப்பிய குரலுக்கு இந்த இதழ் மேடையானது. அதே இதழ்தான் பக்திக் கவிஞர்களுக்குச் சிறப்பிதழும் போட்டது. 'சந்த்' எனப்படும் மராத்திய ஞானக் கவிஞர்களைக் கவிஞர் அருண் கோலட்கர் மொழிபெயர்த்தது அதில் வந்தது. கபீர் படங்கள் வருவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே ஷேக்கின் மேசையில் இந்தக் கவிதைகள் புழங்கின என்பதைக் கவனிக்க வேண்டும்.

★ தூரிகைக்கு முன்னால் பேனா

ஷேக் குஜராத்தி மொழியின் முக்கியமான நவீனக் கவிஞரும்கூட. 'அத்வா' என்ற அவருடைய கவிதைத் தொகுப்பு 1974-இல் வெளியானது. பரோடாவில் இருந்த எழுத்தாளர் சுரேஷ் ஜோஷியின் வட்டத்தில் உருவானவர் அவர். ஓசைக்குக் கட்டுப்படாத உரைநடைக் கவிதையும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிமங்களை ஏற்றுகிற பழக்கமும் எழுத்தில்தான் முதலில் வந்தன. ஓவியத்துக்கு அவை பிறகு குடிபெயர்ந்தன.

★ அம்மா முகத்துக்கு மேலே தேவதூதர்கள்

1969-இல் தொடங்கி 1973-இல் முடித்த படம் ஒன்று. நீண்ட பிரிவுக்குப் பிறகு வீடு திரும்புவதைப் பற்றியது. கீழே, பார்ப்பவரை நேராகப் பார்க்கும் அம்மா. அவருக்குப் பின்னால் சுரேந்திரநகரின் செங்கல் வீடுகள், மசூதி. மேலே அண்ணாந்தால் பாரசீகச் சிற்றோவியத்தில் இருந்து பறந்து வந்த தேவதூதர்கள். குடும்பப் புகைப்படமும் புராண வானமும் ஒரே சட்டத்துக்குள். ஷேக்கின் கையெழுத்து என்று இன்று சொல்லப்படும் பாணி இங்கேதான் பிடிபட்டது.

★ ஆறு பேர் சேர்ந்து கிளப்பிய அலை

1981-இல் பம்பாயிலும் தில்லியிலும் நடந்த 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' கண்காட்சி இந்திய ஓவியத்தில் ஒரு திருப்பம். ஷேக், கக்கர், விவான் சுந்தரம், நளினி மலானி, சுதீர் பட்வர்தன், ஜோகேன் சவுத்ரி ஆகிய ஆறு பேர். அரூப ஓவியம் உச்சத்தில் இருந்த நாளில், தெருவையும் தெருவில் நடக்கும் மனிதர்களையும் கதையையும் மறுபடி கித்தானுக்குள் கொண்டு வந்தார்கள். விமர்சகர் கீதா கபூர் கூடவே நின்று இதற்கான வாதங்களை எழுதினார்.

★ கலவர ஊரில் 'சில்சிலா'

1981 முதல் 1984 வரை வரைந்த 'சிட்டி ஃபார் சேல்' படத்தின் களம் பரோடா. கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவில் ஒரு சினிமாக் கொட்டகை. திரையில் அமிதாப்பும் ரேகாவும் நடித்த 'சில்சிலா' ஓடுகிறது. உள்ளே ஜனம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியே தெருக்களில் மதக் கலவரம். கீழே ஒரு பெண் காய்கறியைக் குவித்து வைத்து வியாபாரம் செய்கிறாள். மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில். யார் யாரை வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது பார்ப்பவர் பாடு. மாணவராக இருந்தபோது சிற்றோவியங்களைப் பார்த்து ஷேக் சொக்கிப்போன அதே லண்டன் அருங்காட்சியகத்தில்தான் இன்று இந்தப் படம் இருக்கிறது.

★ பாரிஸ் போனது

1985-இல் பாரிஸ் நகரின் பொம்பிடூ மையத்தில் ஷேக்கின் தனிக் கண்காட்சி நடந்தது. உலகின் முன்னணி நவீனக் கலை அரங்குகளில் ஒன்றான அங்கே அவர் கொண்டுபோனது சுரேந்திரநகர் சந்துகளையும் பரோடாத் தெருக்களையும்தான்.

★ கபீர் வந்தது காது வழியாக

ஷேக்கைக் கபீரிடம் இழுத்ததில் இந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வாவுக்குப் பங்குண்டு. உருவமில்லாத இறைவனைப் பாடும் கபீரின் நிர்குணப் பாடல்களை அவர் குரலில் கேட்டுக் கேட்டு ஊறியவர் ஷேக். குமார் கந்தர்வாவின் கதையே தனிக் கதை. காசநோய் வந்து, 1948-இல் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் ஊருக்குக் குடிபோய், பல வருடம் பாடக் கூடாது என்ற மருத்துவக் கட்டளையோடு படுக்கையில் கிடந்தார். அப்போது காதில் விழுந்தவை மால்வா வட்டாரத்து நாட்டுப்புறப் பாட்டுகளும் நிர்குணப் பாடல்களும். எழுந்து மறுபடி பாடத் தொடங்கியபோது அந்த ஊர்க் காற்று அவர் குரலில் கலந்திருந்தது.

★ ஏன் கபீர்?

நெசவு செய்யும் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்தவர் கபீர். அவருடைய குரு ராமானந்தர் என்பது மரபுச் செய்தி. பண்டிதரையும் முல்லாவையும் ஒரே தட்டில் வைத்துக் கேள்வி கேட்டவர். 1992-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் அதைத் தொடர்ந்த கலவரங்களும் நாட்டை உலுக்கிய நேரத்தில், இரண்டு மரபையும் படித்து வளர்ந்த ஒரு ஓவியருக்குத் துணைக்கு வந்த பழைய மனிதர் கபீர். 'கஹத் கபீர்' (கபீர் சொல்கிறார்) என்ற வரிசைப் படங்கள் 1990-களில் பிறந்தன. 1998-இல் தில்லி வதேரா கலைக்கூடத்தில் அவை கண்காட்சியாக வந்தன.

★ மூலப் பிரதியே இல்லாத கவிஞர்

கபீர் கைப்பட எழுதிய ஏடு என்று எதுவும் கிடையாது. கிழக்கே கபீரைப் பின்பற்றும் கபீர் பந்திகள் போற்றும் 'பீஜக்', பஞ்சாபில் 'குரு கிரந்த் சாகிப்', மேற்கே ராஜஸ்தான் தொகுப்புகள் என்று மூன்று பெரிய கிளைகளாக அவர் பாடல்கள் வந்து சேர்ந்தன. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. இருந்தாலும் சொல் மாறியிருக்கும். வாய் மாறி வாய் வந்த பாட்டு. ஷேக்கும் தன் படங்களில் ஒரே உருவத்தை இடம் மாற்றி, நிறம் மாற்றித் திரும்பத் திரும்ப வரைகிறார். அதே கபீர் ஒரு படத்தில் நடுவில் இருப்பார், இன்னொன்றில் ஓர் ஓரத்தில் ஒதுங்கியிருப்பார்.

★ தலைகீழ்ப் பாட்டு, தலைகீழ்ப் படம்

கபீர் பாடல்களில் 'உலட்பான்சி' என்று ஒரு வகை உண்டு. உலகத்தில் நடக்கவே முடியாத காரியங்களை நடந்ததாக அடுக்கிக்கொண்டே போகும். கேட்பவர் முதலில் சிரிப்பார், பிறகு யோசிப்பார். 2001-இல் ஷேக் வரைந்த 'ஏக் அசம்பா தேகா ரே பாய்' (ஓர் அதிசயம் கண்டேன், தம்பி) படத்தின் தலைப்பே அந்த வகைப் பாட்டிலிருந்து எடுத்தது. பாட்டில் வரும் காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை. மேல் கீழ், அருகு தொலைவு என்று கண்ணுக்குப் பழகிய ஒழுங்கைப் படம் கலைத்துப் போடுகிறது. பாட்டு காதுக்குச் செய்ததைப் படம் கண்ணுக்குச் செய்கிறது.

★ தறியில் இருப்பவர்

ஷேக்கின் கபீர் எங்கிருந்து வந்த முகம்? தறியில் உட்கார்ந்திருக்கும் கபீரைக் காட்டும் பழைய முகலாய ஓவியம் ஒன்று உண்டு. பல படங்களில் ஷேக் அந்த உருவத்தையே கூட்டி வருகிறார். ஞானியாகக் காட்ட ஒளிவட்டம் போடவில்லை. கையில் வேலையோடு இருக்கும் தொழிலாளியாகவே விட்டுவிட்டார்.

★ குண்டு வீச்சில் எரிந்த உலக வரைபடம்

வட ஜெர்மனியின் எப்ஸ்டார்ஃப் கன்னியர் மடத்தில் 13-ஆம் நூற்றாண்டு உலக வரைபடம் ஒன்று இருந்தது. முப்பது ஆட்டுத்தோல்களைச் சேர்த்துத் தைத்து, ஏறக்குறைய 12 அடிக்கு 12 அடி அளவில் வரைந்தது. மேலே கிழக்கு, நடுவில் ஜெருசலேம். உலகமே கிறிஸ்துவின் உடல் என்பது போல் விளிம்புகளில் அவருடைய தலை, கைகள், பாதங்கள். 1943-இல், அது வைக்கப்பட்டிருந்த ஹனோவர் நகரில் விழுந்த குண்டுகளில் எரிந்துபோனது. இப்போது இருப்பவை பிரதிகள் மட்டுமே.

லண்டனில் ஒரு அஞ்சலட்டையில் இந்த வரைபடத்தைப் பார்த்த ஷேக், 2000-களில் 'மாப்பாமுண்டி' (உலக வரைபடம்) என்ற வரிசையையே தொடங்கிவிட்டார். அந்த வட்டத்துக்குள் அவர் தனக்குப் பிடித்தவர்களைக் குடியேற்றினார். பாலைவனத்தில் மஜ்னு, பறவைகளோடு பேசும் அசிசி பிரான்சிஸ், பொன்மானைத் துரத்தும் ராமன், உயிர்த்தெழுந்த ஏசுவின் முன் மகதலேனா மரியாள், அவர்களோடு நம் கபீர். ஒரு மதத்தின் உலகப் படம், எல்லாரும் வாடகை தராமல் தங்கும் ஊராக மாறியது.

★ மவுசும் தூரிகையும்

அறுபது வயதுக்கு மேல் கணினியில் படம் செய்யக் கற்றுக்கொண்டவர் ஷேக். பழைய ஓவியங்களையும் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து, கணினியில் வெட்டி ஒட்டி, அச்செடுத்து, அதன்மேல் கையால் வண்ணம் தீட்டும் முறை அவருக்குப் பிடித்துப்போனது. 'மாப்பாமுண்டி' படங்கள் பலவற்றில் இயந்திரம் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம்.

★ கதவைத் திறந்தால் கதை

ராஜஸ்தானின் சித்தோர்கர் அருகே பஸ்ஸி என்ற ஊர்த் தச்சர்கள் செய்யும் மரப்பெட்டி 'காவட்'. பீரோவுக்குள் பீரோ வைத்தது போல் கதவுக்குப் பின்னால் கதவு. ஒவ்வொரு கதவிலும் படங்கள். கதைசொல்லி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தன்னை ஆதரிக்கும் குடும்பங்களைத் தேடிப் போவார். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, படத்தைச் சுட்டிக்காட்டி, அந்தக் குடும்பத்தின் வம்சாவளியையும் புராணக் கதைகளையும் சொல்வார். கோவிலுக்குப் போக முடியாதவர் வீட்டுக்குக் கோவிலே வரும்.

சிறிய காவட்களில் தொடங்கிய ஷேக், 2008-இல் ஆள் உள்ளே நுழையும் அளவுக்கு ஒன்றைச் செய்தார். 'காவட்: டிராவலிங் ஷ்ரைன்: ஹோம்' என்று பெயர். கதவுகளுக்கு நடுவே நீங்கள் நடக்கலாம். ஒரு பலகையில் கபீர், திரும்பினால் வேறொரு ஞானி, அடுத்ததில் ஊர்த் தெரு. எந்தக் கதவிலிருந்து தொடங்குகிறீர்களோ அதைப் பொறுத்துக் கதை மாறும்.

★ சட்டசபைச் சுவரில் ஒரு மரம்

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த போபால் சட்டமன்றக் கட்டடத்தில் ஷேக்கின் பெரிய சுவரோவியம் இருக்கிறது. பொருள்: வாழ்வின் மரம். அரசியல் சண்டை நடக்கும் இடத்துக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை.

★ காந்தி விட்டுப்போன ஊர்

நெய்த கபீரை வரைந்தவர் நூற்ற காந்தியை விடுவாரா? 'அகமதாபாத்: தி சிட்டி காந்தி லெஃப்ட் பிஹைண்ட்' என்ற பெரிய படத்தில் பழைய அகமதாபாத்தை மேலிருந்து பார்ப்பது போல் விரித்து வைத்தார். கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்த வீடுகள், மசூதிகள், சந்துகள். 2002 குஜராத் கலவரத்தின் வடுவைச் சுமந்த ஊர் அது. காந்தியும் படத்தில் இருக்கிறார்.

★ ஒரே வீட்டில் இரண்டு மரபு

ஷேக்கின் மனைவி நீலிமா ஷேக்கும் புகழ்பெற்ற ஓவியர். கணவருக்குக் கபீர் என்றால் நீலிமாவுக்குக் காஷ்மீர். 14-ஆம் நூற்றாண்டின் காஷ்மீரி ஞானக் கவிஞர் லல்லேஸ்வரியையும் நம் காலத்துக் கவிஞர் ஆகா ஷாகித் அலியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, உயரமான தொங்கு திரைகளாக ஒரு வரிசையே வரைந்தார். முன்பக்கம் ஓவியம், பின்பக்கம் எழுத்து. மதுராவின் சாஞ்சி எனும் காகித வெட்டுக் கலைஞர்கள் செய்து தந்த அச்சுகளையும் பயன்படுத்தினார்.

★ இன்னொருவர் இப்படி

இதே கவிதைப் பித்து ஓவியர் சையத் ஹைதர் ரசாவிடமும் இருந்தது. பாரிஸில் அறுபது வருடம் இருந்தும் தன் படங்களுக்குள் தேவநாகரியில் கவிதை வரிகளை எழுதிவந்தார். 1981-இல் வரைந்த 'மா' படத்தில் இந்திக் கவிஞர் அசோக் வாஜ்பேயியின் வரி இருக்கிறது. 2016-இல் காலமானவர், தன் விருப்பப்படி நர்மதைக் கரையில் உள்ள மண்டலாவில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கமானார். ரசா கவிதையைத் தன் படங்களில் வரும் வட்டப் புள்ளிக்குள் சுருக்கினார். ஷேக் அதை ஒரு ஊராக விரித்தார்.

★ ஓவியருக்கு சாகித்ய அகாதமி

பத்மஸ்ரீ 1983-இல், பத்மபூஷண் 2014-இல். இவை ஓவியத்துக்கு. 2022-இல் வந்ததுதான் ஆச்சரியம்: 'கேர் ஜதா(ன்)' என்ற தன்வரலாற்றுக் கட்டுரை நூலுக்காகக் குஜராத்தி மொழிக்கான சாகித்ய அகாதமி விருது. 85 வயதில் ஓவியர் எழுத்தாளர்களின் பரிசை வாங்கிக்கொண்டு போனார்.

★ 88 வயதில் பெருங்காட்சி

2025-இல் தில்லி கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் அவருடைய அறுபது வருட வேலையை ஒரே கூரையின் கீழ் வைத்தது. ரூபினா கரோடே தொகுத்த அந்தக் காட்சியில் 190-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. 2019-இல் தொடங்கி 2023-இல் முடித்த 'காரவான்' என்ற பெரிய படமும் அவற்றில் ஒன்று. எண்பதைத் தாண்டிய பிறகும் சுவர் அளவுக் கித்தானுக்கு முன்னால் நிற்கத் தயங்காதவர்.

★ பார்க்கும்போது கவனிக்க

ஷேக்கின் படத்தை எங்கேயாவது பார்க்கக் கிடைத்தால் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். ஏதாவது ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நடப்பது போல் உள்ளே போங்கள். முட்டுச்சந்து வந்தால் திரும்பி வாருங்கள். வழியில் தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படலாம். கபீர் எந்தத் திருப்பத்தில் நிற்பார் என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்றால் பாதிப் படம் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.